வீட்டுக் கடலுக்கு எந்த மணல்? – மட்டக்களப்புக் கரைகளில் ஓர் உலா

மட்டக்களப்பு என்றதும் மீன் பாடும் வாவியும், கல்லடிப் பாலமும், நிலவொளியிலே அசைந்து செல்லும் தோணியும் நினைவுக்கு வருதல் இயல்பு. இந்நாட்டைப் பாட வந்தோரும் பார்க்க வந்தோரும் பெரும்பாலும் அதன் நீரையே புகழ்ந்தனர். அந்நீரின் அடியிலே கிடக்கும் மண்ணைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர். ஆயினும், இங்கு வாழ்ந்த முன்னோர் தம் ஊர்களுக்குப் பெயரிட்ட காலத்தில் மண்ணை மறந்தாரல்லர். மண்முனை, கல்லடி, கல்லாறு, கல்குடா, பாசிக்குடா என்ற பெயர்களைச் சற்றே நின்று கேட்டுப் பாருங்கள். மண்ணையும் கல்லையும் பாசியையும் காலால் மிதித்து அறிந்தவர்கள் இட்ட பெயர்கள் அவை. சிங்கள மக்கள் இவ்விடத்தை 'மடகலபுவ' என்பர்; சேற்றுக் களப்பு என்பது அதன் பொருள்.

இன்று இந்த மண்ணைப் பற்றிப் பேசுதற்கு ஒரு காரணம் உண்டு. கண்ணாடித் தொட்டியிலே கடல்நீரை நிறைத்து, வண்ண மீன்களையும் உயிருள்ள முருகைகளையும் வளர்க்கும் விருப்பம் உலகெங்கும் பரவியிருக்கிறது. நம்மவர் வீடுகளுக்கும் அது வந்துவிட்டது. அத்தகைய தொட்டிகளை அழகு செய்யும் மீன்களிலே ஒரு பகுதி எங்கள் கிழக்குக் கடலிலிருந்தே செல்கிறது. வாடைக்காற்று அடங்கிக் கடல் தெளியும் சித்திரை முதற் புரட்டாதி வரையிலான காலத்தில் மீன் பிடிக்கும் சுழியோடிகள் இக்கரைக்கு வருவர். அவர்கள் பிடிக்கும் சிறு மீன்கள் கொழும்பு சென்று, அங்கிருந்து விமானமேறிக் கடல் கடந்து போகின்றன.

தொட்டி வைப்போர் மீனைப் பற்றிப் பல நாள் யோசிக்கின்றனர். விளக்கைப் பற்றிப் பலரிடம் கேட்கின்றனர். மணலை மட்டும் கடைசி நேரத்திலே, சேலைக்கு நிறம் பார்ப்பது போல, வெள்ளையா கறுப்பா என்று பார்த்துத் தெரிந்துவிடுகின்றனர். மனிதரிடத்தே கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: 'நீர் பிறந்த குலம் யாது?' என்பது. மணலிடத்தே முதலிற் கேட்க வேண்டிய கேள்வியோ அதுவே. மணலின் நிறம் அதன் பிறப்பைச் சொல்லாது. இவ்வுண்மையைக் கற்க மட்டக்களப்புக் கரையை விடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. சேறும், ஆற்று மணலும், முருகை மணலும், கரு மணலும் ஆகிய நால்வகை மண்ணையும் இங்கே ஒரு நாட் பயணத்திலே கண்டுவிடலாம்.

வாவியின் சேறு

பயணத்தைப் புளியந்தீவிலே தொடங்குவோம். ஒல்லாந்தர் கோட்டையைத் தழுவிக் கிடக்கும் இவ்வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு செல்கிறது. மழைக் காலத்தில் ஆற்று நீர் பெருகி நன்னீராகவும், கோடையிலே முகத்துவாரத்தின் வழியாகக் கடல் ஏறி உவர்நீராகவும் மாறி மாறி நிற்பது இதன் இயல்பு. கண்டல் வேர்களின் இடையே ஒரு கோலை நாட்டிக் கிளறினால் கரிய சேறு மேலெழும். கூழ்முட்டை நாற்றமும் உடன் வரும். அது ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு. ஒட்சிசன் புகாத ஆழத்திலே வாழும் நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்குகின்றன.

இந்நாற்றத்தை அருவருத்து விலகுவோர் அதிலுள்ள பாடத்தை இழக்கின்றனர். ஒட்சிசன் இல்லாத அதே இருட்டிலேதான், நீரிலுள்ள நைத்திரேற்று என்னும் கழிவை நைதரசன் வாயுவாக மாற்றி வெளியேற்றும் வேறு நுண்ணுயிர்களும் தொழில் செய்கின்றன. வாவிக்கு இத்தனை கழிவு வந்து சேர்ந்தும் அது இன்னும் மீனும் இறாலும் நண்டும் தருகின்றதென்றால், அதன் அடித்தரை செய்யும் இத்தொண்டுக்கும் அதிலே பங்குண்டு. வீட்டுத் தொட்டியிலும் மணலை ஆழமாக இட்டால், அதன் அடியிலே இவ்விரு தொழிலும் நடைபெறும்: ஒன்று நன்மை, மற்றது நஞ்சு. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

1848ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே இங்கு வந்த எமர்சன் தெனந்து துரை, இவ்வாவியின் இசையைத் தாமே கேட்டு, பின்னர் 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலிலே அதனை விரிவாக எழுதினார். மீனவர் அவ்விசையை மீனுக்கு உரியதென்று சொல்லாது, 'ஊரி' என்னும் சிப்பியினத்துக்கு உரியதென்று சொன்னார்களாம். பாடுவது எதுவாயினும், அந்த ஊரியும் மட்டியும் இறந்தபின் அவற்றின் ஓடுகள் நொறுங்கிச் சுண்ணாம்பு மணலாகின்றன என்பது உறுதி. மணலின் பிறப்பைப் பற்றிய முதற் குறிப்பு வாவியிலேயே கிடைத்துவிடுகிறது.

கல்லடியின் கடற்கரை

பாலத்தைக் கடந்து கல்லடிக் கரைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. இங்கே கடல் திறந்த கடல், அலை ஓய்வதில்லை. மணல் வெளிர் மஞ்சளும் கபிலமும் கலந்த நிறமுடையது. ஒரு பிடி அள்ளிச் சூரியனுக்கு நேரே பிடித்தால் கண்ணாடித் துகள்கள் போல் மின்னும். இது பெரும்பாலும் குவாட்சு எனப்படும் படிகக்கல். இலங்கையின் உள்நாட்டு மலைகளிலே மழையும் வெயிலும் அரித்த பழம் பாறைகள், ஆறுகளின் வழியாகக் கடலுக்கு வந்து, அலையாற் கரை சேர்ந்த வரலாறே இந்த மணல்.

படிகமணல் கடல்நீரோடு எவ்வித உறவும் கொள்வதில்லை. அது கரையாது, சுண்ணாம்பு தராது, நீரின் காரத் தன்மையைக் காக்கவும் உதவாது. அதனாலேயே முருகைத் தொட்டிக்கு அது ஆகாதென்று பலர் தள்ளிவிடுவர். புதிய தொட்டியிலே கபில நிறப் படலம் படர்வதற்கும் இம்மணலிலுள்ள சிலிக்காவே காரணமென்று பழி கூறுவர். அப்பழியிலே முழு நியாயமில்லை. படிகக்கல் நீரிலே கரைவது மிக மிக அற்பம். அப்படலமோ எம்மணல் இட்ட புதுத் தொட்டியிலும் தோன்றிச் சில வாரங்களில் மறையக் கூடியது. ஏழைக்கு உதவும் உறவினன் போல, பெருமை இல்லாவிடினும் தீங்கில்லாதவன் இவன்.

பாசிக்குடாவும் கல்குடாவும்

ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கிரான், வாழைச்சேனை என ஊர்களைக் கடந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் சென்றால் பாசிக்குடாவும் அதனை அடுத்துக் கல்குடாவும் வரும். பாசிக்குடாவின் நீர் நெடுந்தூரம் வரை இடுப்பளவுக்கு மேல் ஏறுவதில்லை. குழந்தைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு தாய்மார் அச்சமின்றி நடந்து செல்லும் கடல் அது. அத்தகைய அமைதி அதற்கு வாய்த்ததில், வெளியே நின்று அலையைத் தாங்கும் முருகைக் கற்பாரின் பங்கு பெரிது.

இக்கரை மணல் நெருங்கிப் பார்ப்பதற்கு உரியது. படிகத் துகள்களோடு, துளைகள் நிறைந்த வெண்ணிறத் துணுக்குகளும், சிப்பிச் சில்லுகளும் கலந்து கிடக்கும். அத்துணுக்குகள் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை. முருகை என்பது கல்லன்று. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை வாங்கித் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் சிற்றுயிர்க் கூட்டம். அவ்வீட்டை அலை உடைக்கும். சிப்பியும் புழுவும் துளைக்கும். கிளிமீன் தன் அலகாற் கடித்துப் பாசியைத் தின்று, அரைத்த கல்லை மணலாகக் கழிக்கும். பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டிலே நூற்றுக்கணக்கான கிலோ மணலை இவ்வாறு உண்டாக்க வல்லது. மாலைதீவின் வெண்மணற் கரைகளிற் பெரும்பகுதி இம்மீன்களின் தொழிலே.

இவ்வுயிர் மணலின் பொருள் கல்சியம் காபனேற்று. அதிலும் அரகோனைற் என்னும் வடிவம். முருகைத் தொட்டிக்கு உரிய மணல் இதுவே என்பது பொதுக் கருத்து. தொட்டி நீரின் காரநிலை ஏறத்தாழ 8.0 முதல் 8.3 வரை நிற்க வேண்டும். கழிவு சேர்ந்து மணலின் உட்புறத்தில் அது வெகுவாகத் தாழும்போது அரகோனைற் சிறிது கரைந்து தாங்கிப் பிடிக்கும். மேல்நீர் சரியாக இருக்கும் காலத்தில் அது கரைவதில்லை. ஆதலால் இம்மணலை இட்டுவிட்டால் முருகைக்கு வேண்டிய சுண்ணாம்பு முழுவதும் கிடைத்துவிடும் என்று நம்புதல் தவறு. அதனை வேறு வழியிலே ஊட்டத்தான் வேண்டும்.

வெண்மையைக் கண்டு முருகை மணலென்று முடிவு செய்வோர் இங்கே ஒரு சோதனையைக் கற்கலாம். நன்கு கழுவி உலர்த்திய மணலிலே சில துளி வினாகிரியை விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக் குலம். வாளாவிருந்தால் படிகக் குலம். வெள்ளை வெளேரென்ற மணல் சில வேளை அசையாதிருப்பதையும், மங்கிய கபில மணல் பொங்கி எழுவதையும் கண்டு வியப்பீர்கள்.

கரிய மணல்

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியிலே வாகரை, கதிரவெளிப் பக்கம் சென்றால், கரையிலே கறுப்புக் கோடுகள் இழுத்தாற் போன்ற மணற் படிவுகளைக் காணலாம். இல்மனைற் முதலிய பாரமான கனிப்பொருள்கள் அவை. இலேசான மணலை அலை திரும்ப எடுத்துச் செல்ல, பாரமானது பின்தங்கிக் கறுப்பாய்ப் படிகிறது. திருகோணமலைக்கும் வடக்கே புல்மோட்டையிலே இது பெருஞ் செல்வமாகக் குவிந்திருக்கிறது. அதனை அகழ்வதற்கென்றே 1957இல் அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று அமைந்தது. இக்கருமணலிலிருந்தே வெண்ணிறச் சாயம் செய்கிறார்கள் என்பது வேடிக்கையான உண்மை! வாகரைப் பகுதியிலே இம்மணலை அகழ்வதற்கு அவ்வூர் மக்கள் அண்மை ஆண்டுகளில் எதிர்ப்புக் குரல் எழுப்பியதும் நாம் அறிந்ததே.

கறுப்புத் தரையின் மேல் மீன்களின் நிறம் எடுப்பாகத் தோன்றும். அழுக்கும் எளிதிற் புலப்படாது. அதனாற் சிலர் கறுப்பு மணலை விரும்புவர். ஆனால் இல்மனைற் இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கனிப்பொருள். அதனோடு வேறு உலோகக் கனிப்பொருள்களும் கலந்திருக்கக் கூடும். முருகைகளும் இறால்களும் உலோகங்களைச் சிறிதளவும் பொறா. கறுப்பு மணல் வாங்க விரும்புவோர் ஒரு காந்தத்தைத் தாளிலே சுற்றி மணலுக்குள் உலாவ விடுக. துகள்கள் ஒட்டிக்கொண்டு வருமாயின் அம்மணலை வாங்காது விடுதலே நன்று.

தொட்டிக்குத் தக்கது

பிறப்பை அறிந்தபின் பருமனைப் பார்க்க வேண்டும். சீனி போன்ற நுண்மணல் கண்ணுக்கு இனியது. ஆனால் முருகைகளுக்கு வேண்டிய நீரோட்டத்தை உண்டாக்கினால் அது புழுதி போலக் கிளம்பி அவற்றின் மேலேயே படிந்துவிடும். 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பரலின் இடுக்குகளிலோ உணவும் எச்சமும் விழுந்து அழுகும். 1 முதல் 2 மில்லிமீற்றர் வரையுள்ள மணியே வீட்டுத் தொட்டிக்கு ஏற்ற நடுவழி.

அடுத்தது ஆழம். வாவியின் சேறு சொன்ன பாடம் இங்கே பயன்படும். 10 சென்ரிமீற்றருக்கு மேல் மணலை இட்டு, நைத்திரேற்றை அழிக்கும் நுண்ணுயிர்களை வளர்க்கும் முறையும் உண்டு. அதற்குப் பெரிய தொட்டியும், மணலைக் குடையும் புழுக்களும், நீண்ட பொறுமையும் வேண்டும். கிளறாத ஆழத்திலே நஞ்சு வாயு சேர்ந்து, ஒரு நாள் கல் சரிந்தால் தொட்டி முழுவதும் கெடும். புதிதாகத் தொடங்குவோர்க்கு 3 முதல் 5 சென்ரிமீற்றரே போதும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டிக்கு 4 சென்ரிமீற்றர் ஆழம் இட ஏறத்தாழ 10 கிலோ மணல் வேண்டும். பாறைகளை முதலிலே கண்ணாடித் தரையில் உறுதியாக இருத்தி, அதன் பின்பே மணலைச் சுற்றிலும் பரப்புக. மணலின் மேற் பாறையை வைத்தால், அடியிலே குடையும் மீன் ஒரு நாள் அதனைச் சரித்துவிடும்.

வளர்க்கும் மீனையும் கேட்டறிதல் நன்று. இரவிலே மணலுக்குள் புதைந்து உறங்கும் மீன்கள் உண்டு. மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியே சலித்து இரை தேடும் சிறு மீன்கள் உண்டு. ஒரு குழியிலே இறாலோடு கூடி வாழும் மீனும் உண்டு: இறால் குழி தோண்ட, மீன் வாயிலிற் காவல் நிற்கும். இவற்றுக்கு மணல் படுக்கையும் பாத்திரமும் வீடுமாகும். இவற்றை வளர்க்க எண்ணாதவர் மணலே இடாது வெறுந் தரையாக விட்டாலும் குற்றமில்லை, துப்புரவு எளிதாகும்.

நிறம் இவை யாவற்றுக்கும் பின்னர் வருவது. தூய வெண்மணல் விளக்கொளியை மேல்நோக்கி எறிந்து தொட்டியைப் பிரகாசமாக்கும்; சிறு பாசியும் எச்சமும் அதிலே உடனே தெரியும். பல மீன்கள் வெண்தரையின் மேலே தம் நிறத்தையும் வெளிறச் செய்துகொள்ளும். கறுப்பின் குணத்தை முன்னரே கண்டோம். எம் கருத்திலே, வெண்மையும் மஞ்சளும் கபிலமும் சிறிது சிறிது கலந்த மணலே சிறந்தது. பாசிக்குடாவின் ஆழமற்ற நீரிலே காலடியிற் காணும் நிறம் அதுதான். மீன்களின் கண்ணுக்கும் பழகிய நிறம்.

அள்ளிக்கொண்டு போகலாமா?

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் பாசிக்குடாவிலேயே ஒரு பை மணலை அள்ளிக்கொண்டு போகலாமே!" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோரும் ஒரு பைதானே என்று இசைவார்கள். இக்கட்டுரையின் முக்கியமான விடயம் இந்த இடத்திலேதான் இருக்கிறது.

முருகைக் கல்லைச் சுண்ணாம்புக்காக உடைத்துச் சூளையிட்ட வழக்கம் நமது கரைகளிலே நெடுங்காலம் இருந்தது. ஒரு பாறை, ஒரு வண்டி, ஒரு சூளை என்றுதான் அதுவும் தொடங்கியது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், 1988இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கரையோர வலயத்திலே முருகைக் கல் அகழ்வதைத் தடுத்தன. அவ்வலயத்தில் மணல் அகழ்வதற்கும் அனுமதி வேண்டும். சட்டம் வருமுன்னரே பல இடங்களில் தீங்கு நேர்ந்துவிட்டது.

அதன் விலை 2004 மார்கழி 26ஆம் நாள் தெரிந்தது. தென்மேற்குக் கரையிலே கற்பார் காப்பாக நின்ற ஹிக்கடுவையில் ஆழிப்பேரலை தாழ்ந்து வந்ததையும், சில கிலோமீற்றர் தொலைவிலே முருகை அகழப்பட்டிருந்த பெரலியவில் அது மிக உயர்ந்து உள்நாடு வரை பாய்ந்ததையும் ஆராய்ச்சியாளர் பின்னர் எடுத்துக் காட்டினர். புகையிரதத்தோடு மக்கள் மாண்ட ஊர் அந்தப் பெரலிய. அதே நாளிலே நாவலடியும் கல்லடியும் பட்ட துயரத்தை இங்கு யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்கும் வீட்டுக்கும் இடையே நிற்பவை கற்பாரும் மணல்மேடும் தாம் என்பதை எங்கள் மக்கள் உயிர்களைக் கொடுத்துக் கற்றனர்.

மேலும், மணலைப் பிறப்பிக்கும் முருகையே இன்று நலிந்திருக்கிறது. 1998இல் இந்து சமுத்திரம் அளவு கடந்து வெப்பமேறியபோது பாசிக்குடா, கல்குடாப் பக்கத்து முருகைகளும் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. தாய் நோயுற்றிருக்கும்போது அவள் பிள்ளைகளைக் களவாடுதல் எவ்வகையிலே தகும்? ஒரு குடும்பம் ஒரு பை எடுத்தால் கரை குறையாது என்பது மெய். விடுமுறை நாளொன்றிலே வந்து போகும் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் அந்த மெய் நிலைப்பதில்லை.

அறத்தை ஒரு புறம் வைத்தாலும், அம்மணல் தொட்டிக்கும் நன்மை செய்யாது. ஈர மணலிலே கண்ணுக்குத் தெரியாத புழுவும் சிற்றுயிரும் வாழ்கின்றன. பைக்குள் அடைபட்டு வீடு வருமுன் அவை இறந்து அழுகத் தொடங்கும். அந்த நஞ்சு தொட்டி நீரிலே சேரும். கரையோரத்துக் கழிவும் எண்ணெயும் அதனோடு வரக் கூடும்.

ஆகவே மீன் தொட்டிக் கடையிலே உலர்ந்த அரகோனைற் மணலை வாங்குவதே முறை. அங்கும் பிறப்பைக் கேளுங்கள். பஹாமாத் தீவுகளின் ஆழமற்ற கடலிலே, நீரிலிருந்தே சுண்ணாம்பு திரண்டு உருண்டு மணியாகும் மணல் ஒன்று உண்டு. கற்பாரை உடைக்காது பெறப்படுவது அது. வினாகிரிச் சோதனையும் காந்தச் சோதனையும் செய்து, நீர் தெளியும் வரை பலமுறை கழுவி இடுக. விலை கட்டுப்படியாகாதவர், அனுமதி பெற்ற வியாபாரியிடம் வாங்கிய படிக மணலைக் கழுவிச் சலித்து இட்டு, சுண்ணாம்புச் சத்தை வேறாக ஊட்டலாம். அல்லது, தொட்டியைக் கைவிடும் நண்பர் ஒருவரின் பழைய மணலைப் பெற்று நன்கு கழுவி உலர்த்திப் பயன்படுத்தலாம். எந்த வழியிலும் முருகை வளரும். பாசிக்குடாவின் ஒரு பிடி மணல் இன்றியும் வீட்டுக் கடல் செழிக்கும்.

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு சிறு குப்பியிலே வினாகிரியும், சட்டைப் பையிலே ஒரு காந்தமும் இருக்கட்டும். கல்லடியிலும் பாசிக்குடாவிலும் வாகரையிலும் ஒரு சிட்டிகை மணலைக் கிண்ணத்திலே இட்டுச் சோதித்துக் காட்டுங்கள். எது மலையிலிருந்து வந்தது, எது உயிரிலிருந்து வந்தது என்பதை அவர்களே சொல்லட்டும். புறப்படும்போது காலில் ஒட்டிய மணலை அலையிலே கழுவிவிட்டு வண்டியேறுங்கள்.